கடிகாரம், ரேடியோ, போன்: ஒரே பெட்டியிலா, தனித்தனியாகவா?

படுக்கை ஓரத்து மேசையில் மணி பார்க்க ஒன்று, காலையில் பாட்டோடு எழுப்ப ஒன்று, படுத்தபடியே பேச ஒன்று வேண்டும் என்றால் வழி மூன்று. கடிகாரம், ரேடியோ, லேண்ட்லைன் போன் மூன்றும் சேர்ந்த ஒரே கருவியை வைக்கலாம். கடிகார ரேடியோ தனி, போன் தனி என இரண்டாக வைக்கலாம். புளூடூத் உள்ள கடிகார ரேடியோவை வாங்கி, கைபேசியை அதனுடன் இணைத்தும் விடலாம்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வசதிப் பட்டியலைப் பார்த்தால் சேர்ந்த கருவிதான் ஜெயிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேறு கணக்கு தொடங்குகிறது. அந்த ஒரு கருவிக்குப் பவர் பாயிண்ட், டெலிபோன் சாக்கெட், சுமாரான ரேடியோ சிக்னல் மூன்றும் ஒரே மூலையில் கிடைக்க வேண்டும். எந்த அறையில் அது கிடைக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே மேலே படிப்பது நல்லது.

சேர்ந்த கருவியை மாட்டும் விதம்

முதலில் கருவியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியிலோ பின்புறமோ இரண்டு சிறு ஸ்விட்சுகள் இருக்கலாம். ஒன்று, அழுத்தும் எண்ணை ஒலியாக அனுப்ப டோன், துடிப்புகளாக அனுப்ப பல்ஸ் என்று மாறுவது. இதை டோனில் வைக்க வேண்டும். இன்னொன்று 50/60 ஹெர்ட்ஸ். பழைய மாடல்களில் பெரும்பாலும் கடிகாரம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வுகளை எண்ணித்தான் ஓடும். 60-இல் வைத்த கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சொருகினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மாற்றி வைத்தால் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தும். இந்தத் துல்லியமான பிசகைப் பார்த்தால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம், ஸ்விட்சைத் தேடுங்கள். உள்ளேயே நேரம் எண்ணும் குவார்ட்ஸ் படிகம் உள்ளவற்றில் இந்த ஸ்விட்சே இருக்காது.

அடுத்து ஒயர்கள். கருவியோடு இரண்டு டெலிபோன் ஒயர் வரும். சுருள் ஒயரின் முனை சற்றுக் குறுகலானது. அது ரிசீவருக்கு மட்டும். நேர் ஒயரின் முனை அகலமானது, ஆர்ஜே-11. அது சுவர் சாக்கெட்டுக்கும் கருவியின் லைன் துளைக்கும். குறுகலான முனை லைன் துளைக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதால்தான் குழப்பம். டயல் டோனே வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மின்சார பிளக்கைச் சொருகுவதற்கு முன்பே ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். டயல் டோன் வந்தால், போன் பகுதி லைனில் வரும் மின்சாரத்திலேயே ஓடுகிறது, கரன்ட் போனாலும் பேசலாம் என்று பொருள். செம்புக் கம்பி லைனில் சும்மா இருக்கும்போது சுமார் 48 வோல்ட் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் அது மிகவும் இறங்கிவிடும், அந்த மிச்சமே பேசப் போதும். டோன் வரவில்லை, பிளக்கைச் சொருகியதும் வருகிறது என்றால், அது மின்சாரத்தை நம்பியிருக்கும் மாடல். சேர்ந்த கருவியின் பெரிய லாபம் ஒன்று அங்கேயே போய்விட்டது. ஸ்பீக்கர் போனும் நினைவக எண்களும் மட்டும் மின்சாரம் கேட்பது சகஜம், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. சாக்கெட்டைப் பிரித்து வேலை செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: மணி அடிக்கும் நேரத்தில் அதே கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வரும். வெறுங்கையால் பிடித்திருந்தால் நன்றாகவே உதறும்.

பிறகு மின்சாரம், கடைசியாக 9 வோல்ட் பேட்டரி. கரன்ட் போனால் இந்தப் பேட்டரி எண்களை எரிய வைக்காது, உள்ளே எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றும். அதுவும் பல மாடல்களில் குத்துமதிப்பான எண்ணிக்கைதான். ஒரு இரவு முழுக்க மின்சாரம் இல்லாவிட்டால் காலையில் சில நிமிடங்கள் முன்பின்னாக இருக்கலாம். 12:00 என்று கண் சிமிட்டினால் பேட்டரி செத்துவிட்டது. புதிதை மாட்டும்போது மின்சார பிளக் செருகியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நேரமும் அலாரமும் அழிந்துபோகும்.

ரேடியோ, போன் சேரும் இடத்தில் வரும் தகராறு

எஃப்எம் ஆன்டெனா என்பது பின்னால் தொங்கும் ஒயர்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். ஆகவே ஒயரைச் சுருட்டிக் கட்டி வைக்காமல் அந்த அளவாவது நீட்டி, சுவரோடு ஒட்டிவிட வேண்டும். டெலிபோன் ஒயரோடும் அடாப்டர் ஒயரோடும் சேர்த்து முறுக்கினால் இரைச்சல் கூடும்.

மத்திய அலை கேட்பவர்களுக்குத்தான் உண்மையான சிக்கல். அதன் ஆன்டெனா உள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பி. நிலையம் தெளிவாகக் கேட்க ரேடியோவையே திருப்ப வேண்டும். தனி ரேடியோ என்றால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். சேர்ந்த கருவியைத் திருப்பினால் எண் பொத்தான்கள் சுவரைப் பார்க்கும், மணி தலையணைக்குத் தெரியாது. பக்கத்தில் கைபேசி சார்ஜரோ மலிவான எல்இடி விளக்கோ இருந்தால் 'கொர்ர்' என்ற சத்தம் வேறு. சார்ஜரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு ஈடாகச் சேர்ந்த கருவி ஒன்றைத் தருகிறது. ரிசீவரை எடுத்ததும் ரேடியோ தானாக அடங்கும், வைத்ததும் திரும்ப வரும். தனித்தனியாக வைத்தவர்கள் போன் அடிக்கும்போது ரேடியோவின் பொத்தானை இருட்டில் தடவிக்கொண்டிருப்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால் என்ன ஆகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

அழைப்பவர் எண்ணைக் காட்டும் மாடல்களில் பலரும் எதிர்பாராத ஒரு விஷயம் உண்டு. எஃப்எஸ்கே என்ற, தகவலை ஒலிக் குறிகளாக அனுப்பும் முறையில் எண் வரும் இடங்களில், பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே எண்ணோடு மாதம், தேதி, மணி, நிமிடமும் வரும். சில கருவிகள் அதை வைத்துத் தம் கடிகாரத்தைத் தாமே திருத்திக்கொள்ளும். வசதிதான். ஆனால் லைன் ரவுட்டரிலிருந்து வருகிறது, ரவுட்டரில் நேர மண்டலம் தப்பாக இருக்கிறது என்றால், ஒவ்வொரு அழைப்புக்கும் கடிகாரம் தப்பான நேரத்துக்குத் தாவும். இரவில் நேரத்தைச் சரியாக வைத்துப் படுப்பார்கள், பத்து மணிக்கு ஒரு அழைப்பு வரும், காலையில் அலாரம் ஒரு மணி நேரம் தள்ளி அடிக்கும். குற்றம் ரவுட்டர் அமைப்பில், திட்டு கடிகாரத்துக்கு. அந்தச் செய்தியில் ஆண்டு வராது என்பதால், வாரநாள் அலாரம் உள்ள மாடலில் ஆண்டை நாமேதான் கொடுக்க வேண்டும்.

லைன் எங்கிருந்து வருகிறது?

முடிவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. செம்புக் கம்பி நேராக எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தால், லைன் மின்சாரத்தில் ஓடும் சேர்ந்த கருவியானாலும் ஒயருள்ள சாதாரண போனானாலும் மின்வெட்டில் பேச முடியும். அதே கம்பியில் ஏடிஎஸ்எல் இணையமும் ஓடினால் போனுக்கு முன் ஒரு ஃபில்டர் போட வேண்டும். பேச்சு 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும், இணையம் சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். ஃபில்டர் இல்லாவிட்டால் ரிசீவரில் 'ஸ்ஸ்' என்ற சீறல், போனை எடுத்தால் இணையம் துண்டிப்பு. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் ஒன்று வேண்டும். மோடத்தை ஃபில்டரின் போன் துளையில் மட்டும் மாட்டிவிடக் கூடாது.

ஃபைபர் இணைப்பில் போன் துளை ரவுட்டரில் இருக்கும். அங்கே லைனுக்கு மின்சாரம் தருவது ரவுட்டர். அது அணைந்தால் போனும் அணையும், ரிசீவரில் ஒயர் இருந்து என்ன பயன்? ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சிறு யுபிஎஸ் வைத்தால்தான் பழைய லாபம் திரும்பும். பல ரவுட்டர்கள் பல்ஸ் டயலைப் புரிந்துகொள்வதில்லை. டயல் டோன் வருகிறது, எண்ணை அழுத்தினால் டோன் நிற்கவே இல்லை என்றால் அடியிலுள்ள அந்த ஸ்விட்ச் பல்ஸில் நிற்கிறது.

போன் அடிக்கவே இல்லை என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் பக்கவாட்டு ரிங்கர் ஸ்விட்ச் ஆஃபில் இருப்பது. அது இல்லையென்றால் ஒரே லைனில் போன்கள் கூடிவிட்டதா என்று பாருங்கள். சில கருவிகளின் அடியில் ஆர்இஎன் என்று ஒரு எண் இருக்கும், மணி அடிக்க அந்தக் கருவி லைனுக்குத் தரும் சுமையின் அளவு அது. எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரண லைனுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது. ரவுட்டர் துளைகள் சில அதைவிடக் குறைவாகவே தாங்கும்.

இடி மின்னல் விஷயத்தில் சேர்ந்த கருவிக்குக் கூடுதல் ஆபத்து. மின்சார ஒயரும் லைன் ஒயரும் ஒரே பலகையில் சந்திப்பதால், ஒன்றில் வரும் அதிர்ச்சி மற்றொன்றின் வழியே வெளியேறப் பார்க்கும். நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும். பவர் பக்கம் மட்டும், இந்த அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போட்டால் பாதி வேலைதான். லைன் துளையும் உள்ள புரொடெக்டரே வேண்டும், இரண்டும் அதன் வழியாகவே போக வேண்டும். பெரிய இடி என்றால் இரண்டு ஒயரையும் கழற்றிவிடுவதே சரி.

தனித்தனியாக வைத்தால்

போனை சாக்கெட் பக்கம், ரேடியோவை ஜன்னல் பக்கம் வைக்கலாம். ஒன்று பழுதானால் மற்றது நிற்காது. இவ்வளவுதான் லாபம், ஆனால் பல வீடுகளுக்கு இதுவே போதுமான காரணம். ஆர்டிஎஸ், அதாவது எஃப்எம் ஒலிபரப்போடு சேர்ந்து வரும் தகவலிலிருந்து நேரம் படிக்கும் ரேடியோ என்றால், நிலையம் நேரத்தை அனுப்பும் இடங்களில் மணி வைக்கும் வேலையும் மிச்சம்.

போனைக் கார்ட்லெஸ்ஸாக வாங்கினால் கணக்கு மாறும். அதன் அடித்தட்டு மின்சாரம் இல்லாமல் இயங்காது. செம்பு லைனே இருந்தாலும் மின்வெட்டில் ஊமை. கைப்பிடியில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியைப் போட்டுத் தட்டில் வைத்தால் அது சார்ஜ் ஏறாமல் கசிந்து, தொடுமுனைகளை அரித்துவிடும்.

கைபேசியும் புளூடூத் ரேடியோவும்

லேண்ட்லைனே இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. பார்க்க வேண்டியது ஒன்று: பாட்டு கேட்கும் வசதியும் பேசும் வசதியும் புளூடூத்தில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள். பாட்டுக்கு ஏ2டிபி, பேச்சுக்கு எச்எஃப்பி. மைக் இல்லாத மாடலில் பாட்டு மட்டும் வரும், அழைப்பு கைபேசியிலேயே ஒலிக்கும். மைக் இருந்தாலும் ரேடியோவைச் சுவர் மூலையில் வைத்தால் எதிர்முனைக்கு எதிரொலிதான் கேட்கும். மூலையிலிருந்து வெளியே இழுத்து, மைக் துளை படுக்கையைப் பார்க்கும்படி வையுங்கள்.

2ஜி நெட்வொர்க்கில் உள்ள கைபேசியை ஸ்பீக்கர் மேல் வைத்தால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் 'டிட் டிட் டிட்' என்ற 217 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கும். அரை மீட்டர் நகர்த்தினால் போதும். இரண்டு பேரின் கைபேசியும் இணைத்திருந்தால், எது முதலில் பிடித்துக்கொள்கிறதோ அதன் அழைப்பே ரேடியோவில் வரும். ஒருவருடையதைத் தானாக இணையாதபடி வைத்துவிடுங்கள்.

எதை எடுப்பது?

செம்பு லைன் உயிரோடு இருக்கிறது, அடிக்கடி கரன்ட் போகிறது, அறையில் இருப்பவருக்குப் பெரிய பொத்தானும் ஒரே ரிசீவரும் வசதி என்றால், லைன் மின்சாரத்திலேயே பேசும் சேர்ந்த கருவியை எடுங்கள். மத்திய அலை வானொலி கேட்கும் வீட்டில் தனித்தனியே வைப்பதுதான் சரி. ஃபைபருக்கு மாறியவர்களுக்குச் சேர்ந்த கருவியால் மேசை இடம் மட்டுமே மிச்சமாகும்.

சேர்ந்த கருவிகள் இப்போது பெரும்பாலும் பழைய சரக்காகத்தான் கிடைக்கும். பேட்டரி அறையைத் திறந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மணியை 8:08-இல் நிறுத்தினால், எண்களில் எரியாமல் செத்த கோடுகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும். ரிசீவரின் சுருள் ஒயரை இரு முனையிலும் அசைத்தபடி டயல் டோனைக் கேளுங்கள். கரகரத்தால் மாற்ற வேண்டியது ஒயர் மட்டுமே, அது எளிதில் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் எண் இரண்டு முறை விழுகிறது அல்லது விழவே இல்லை என்றால் உள்ளே கார்பன் பூச்சு தேய்ந்துவிட்டது. அதைத் துடைத்துப் பார்க்கலாம், நெடுநாள் தாங்காது.