கல்லடியில் ஒரு வட்ஸ்அப் கடைத்தெரு: ஐந்து ஆண்டுப் பாவனை அனுபவம்

2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை கொரோனாத் தொற்றுக் காரணமாக இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் குறுக்கு வீதிக்காரருக்கு வட்ஸ்அப் என்றால் காலை வணக்கப் படங்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடியோ அழைப்பும்தான். ஒரு வாரம் கழியுமுன், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் தன் கைபேசியில் இருந்த வாடிக்கையாளர் இலக்கங்களையெல்லாம் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். ஏறத்தாழ நாற்பது வீடுகள் அதில் இருந்தன. பெயரெல்லாம் வைக்கவில்லை, கடையின் படத்தை மட்டும் போட்டார். அந்தக் குழு இன்றும் இயங்குகிறது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பாவித்தவள் என்ற வகையில், அது எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதல் நாட்களில் நடைமுறை எளிதாக இருந்தது. தேவையானதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவோம். ஊரடங்கு தளர்த்தப்படும் சில மணி நேரத்துக்குள் கடைக்காரரின் மகன் சைக்கிளில் பையைக் கொண்டுவந்து படலையில் மாட்டிவிட்டு, மணி அடித்துவிட்டுப் போவான். காசை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு அதே கொளுக்கியில் தொங்கவிடுவோம். எழுத்தால் வந்த குழப்பங்களுக்குக் கணக்கில்லை. "சீனி 2" என்று நான் எழுதியதற்கு இரண்டு கிலோவும், பக்கத்து வீட்டார் எழுதிய அதே "சீனி 2" என்பதற்கு இரண்டு ரூபாய்க் குற்றி அளவுள்ள ஒரு கேள்விக்குறியும் வந்தது ஒரு நாள். அவர் கேட்டிருந்தது அரைக் கிலோப் பைக்கற்றில் இரண்டு.

குரல் பதிவுக்கு மாறிய பிறகுதான் இந்த முறை எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது. என் அனுபவத்தில் வட்ஸ்அப்பின் மிகச் சிறந்த அம்சம் அதுவே. தமிழில் தட்டச்சுச் செய்யப் பழகாதவர்களும் கண் மங்கிய முதியவர்களும் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் போதும் என்பதோடு, படங்களைவிடக் குறைந்த டேட்டாவே செலவாகும். பிள்ளைகளின் இணையவழி வகுப்புகள் டேட்டாவை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது சிறிய விடயமன்று. குழுவில் சேர்ந்துகொண்ட மீன் விற்பவரின் பதிவுகளை இன்றும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணி கழிந்ததும் வாவிக்கரையில் நின்றபடி, பின்னால் காற்று இரைய, "டீச்சர், திரளி கிடக்கு, கொஞ்சம் இறாலும் கிடக்கு, ஓரா நாளைக்குத்தான்" என்பார். மீனின் படத்தை அனுப்பியிருந்தால் இவ்வளவு நம்பியிருப்பேனா என்பது சந்தேகமே. பழைய மீனைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரல் சற்றே வேகமாகும் என்பது சில வாரங்களில் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

2020 ஒக்டோபரில் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொட மீன் சந்தையில் தொற்றுப் பரவியபோது, மீனே ஆபத்து என்ற பயம் நாடெங்கும் பரவியது. கடற்றொழில் அமைச்சுப் பொறுப்பில் முன்னர் இருந்த திலிப் வெதஆரச்சி ஊடகச் சந்திப்பொன்றில் பச்சை மீனைக் கடித்துக் காட்டியது அடுத்த மாதம். பேலியகொடைக்கும் எங்கள் வாவி மீனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாதபோதிலும், மீன்காரரின் பதிவுக்குக் குழுவில் பதில் சொல்வாரின்றிப் போயிற்று. நானும் சில நாட்கள் பேசாமல் இருந்தேன். பிறகு அவர் வலை இழுப்பதையும், மீனைப் பெட்டிக்கு மாற்றுவதையும் ஒரு சிறு காணொளியாக எடுத்து அனுப்பிய பின்னரே வாங்குவோர் மெல்லத் திரும்பி வந்தனர்.

வதந்தியைப் பொறுத்தவரை நானும் குற்றவாளிதான். அருகிலுள்ள பேக்கரி ஒன்றில் வேலை செய்பவருக்குத் தொற்று என்று வந்த செய்தியைச் சரிபார்க்காமல் தங்கையின் குழுவுக்கு அனுப்பினேன். அது பொய் என்று மாலையில் தெரிந்தபோதும், அடுத்த நாட்களில் அவர்களுடைய பாண் ஓட்டோவை எங்கள் வீதியில் நிறுத்த ஆளில்லை. பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாட்டை வட்ஸ்அப் 2020 ஏப்ரலிலேயே கொண்டுவந்திருந்தது. ஆனால் நான் அனுப்பியதும் ஒரே குழுவுக்குத்தானே. அந்தக் கட்டுப்பாடு என்னைத் தடுக்கவில்லை.

மிக மோசமான நிகழ்வு கடன் கொப்பியால் வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு அவருடைய கணக்கைக் காட்டுவதற்காகக் கடைக்காரர் கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்தவர், தனிப்பட்ட உரையாடலுக்குப் பதிலாகக் குழுவில் போட்டுவிட்டார். அந்தப் பக்கத்தில் ஏழு வீட்டாரின் பெயர்களும் நிலுவைகளும், இரண்டு இடத்தில் சிவப்புப் பேனையால் கீறிய கோடுகளும் இருந்தன. இரவு பத்து மணிக்குப் போட்டதை அவர் காலையில்தான் கண்டார். எல்லோருக்கும் அழிப்பதற்கான அவகாசம் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடியதாக இருந்தபடியால், அழிக்க வழி இல்லை. (2022 இல் அந்த அவகாசம் இரண்டு நாட்களுக்கு மேலாக நீட்டப்பட்டது.) தினக்கூலி நின்றுபோன மாதங்களில் கடன் வாங்கியது யாருக்கும் இழிவில்லை, ஆனாலும் இரண்டு வீட்டார் குழுவிலிருந்து வெளியேறினர். ஒரு வீட்டார் இன்றுவரை அந்தக் கடைப்பக்கம் போவதில்லை. அதன் பின்னர் குழுவில் விற்பவர்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றப்பட்டு, கேட்பதெல்லாம் தனி உரையாடலுக்குப் போயிற்று. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோருக்கு என் முதல் ஆலோசனை இதுதான். கணக்கு இப்போதும் கொப்பியிலேயே இருக்கிறது, அதைப் படம் எடுப்பதில்லை.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவரும் அக்காவிடம் பட்டன் போன்தான். சட்டிகளின் எண்ணிக்கையை முதல் நாள் மாலை அவருக்கு அழைத்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். குழுவில் இருந்த நாற்பது வீடுகளுக்கு வெளியே இப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அந்த அழைப்புகள்தாம் எனக்குக் காட்டின. பின்வீட்டுப் பெத்தாவுக்கும் (பாட்டிக்கும்) அப்படியே: மதிலுக்கு மேலால் அவர் சொல்ல, நான் பதிவு செய்து அனுப்புவேன்.

2021 மே மாதப் பயணக் கட்டுப்பாட்டிலும், அவ்வாண்டு ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரையான தனிமைப்படுத்தல் ஊரடங்கிலும் குழு சிக்கலின்றி ஓடியது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றபோது, வீட்டுக்கு வீடு போகாமல், கல்லடிப் பாலத்தடிக்கு வந்து எடுக்கும்படி ஒரே பதிவில் சொல்ல முடிந்தது. நீண்ட மின்வெட்டுகளின்போது கைபேசி செத்துப்போனால் மட்டும் பழையபடி கடைக்கு நடந்தோம்.

இப்போது மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவுக் கடைகளில் கழிவு விலைக்குக் கிடைக்கும் பொருளுக்கு நானும் அங்கே போகிறேன். மாவும் பருப்பும் அங்கே மலிவு என்பதை மறைப்பதில் பயனில்லை. மீனையும் தயிரையும் மட்டும் குழுவின் வழியாகவே எடுக்கிறேன். தயிர்க்கார அக்கா சென்ற வருடம் தொடுதிரைக் கைபேசி வாங்கிவிட்டார். ஆனால் சட்டிக் கணக்கை இன்னும் நான்தான் அழைத்துச் சொல்கிறேன், அவர் குழுவில் சேர மாட்டேன் என்கிறார்.