ஆசிரியருக்கான தொழில்சார் வளங்களைத் தெரிதல்: யாழ்ப்பாண விஞ்ஞான வகுப்பறையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

யாழ்ப்பாணத்தில் இடைநிலை வகுப்புகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியருக்கு இன்று வளங்கள் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. கிடைப்பவற்றைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாக இருக்கிறது. செயலமர்வில் தரப்படும் கையேடுகள், பாட ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவிலும் வந்துவிழும் பிடிஎப் கோப்புகள், யூரியூப் காணொளிகள், சான்றிதழ் தரும் இணையவழிக் கற்கைகள் என்று வந்துகொண்டேயிருக்கின்றன. பல ஆண்டுகளாக இவற்றைப் பயன்படுத்தியும் கைவிட்டும் வந்ததில், தவணைதோறும் நான் மீண்டும் திறந்து பார்ப்பவை என்று எஞ்சியவை மிகச் சிலவே. அவை அனைத்திலும் ஒரு பொது இயல்பைக் காண்கிறேன். ஆசிரியர் எதைக் காட்ட வேண்டும் என்பதோடு நின்றுவிடாமல், மாணவரிடம் எதைக் கேட்க வேண்டும், அவர் எந்த இடத்தில் பிழையாக விளங்கியிருப்பார் என்பதையும் அவை சொல்கின்றன. கீழே எழுதுபவற்றை இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

முதலில் கையில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியையும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலையும் பிடிஎப் வடிவில் இலவசமாகவே பெறலாம். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, பாடவேளை எண்ணிக்கை ஆகியவற்றை வழிகாட்டி வரையறுத்துத் தருகிறது. 2007 இல் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு வந்த, ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளில் பாடத்தை நகர்த்தும் 5E மாதிரியின் சாயலையும் அதன் செயற்பாடுகளில் காணலாம். புதிய வளம் எதை எடுத்தாலும் அதன் ஆழம் நமது பாடத்திட்டத்துக்கு மிஞ்சியதா, குறைந்ததா என்று பார்க்க இதைவிட நம்பகமான ஆவணம் இல்லை. எங்கள் ஊரில் வேலி எல்லையைக் கதியாலை வைத்துத் தீர்மானிப்பதுபோல, பாடத்தின் எல்லையை நான் வழிகாட்டியை வைத்தே தீர்மானிக்கிறேன். ஆனால் வேலிக்குள்ளே என்ன பயிரிடுவது என்பதற்கு வேறு வளங்கள் வேண்டியிருக்கின்றன.

அவற்றுள் நான் மிக அதிகமாகப் பயன்படுத்தியவை, நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் சிமுலேஷன்கள், அதாவது கணினித் திரையிலேயே பரிசோதனையைச் செய்துபார்க்க உதவும் மெய்நிகர் மாதிரிகள். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஒரு பாடத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைக்கும்போது எது கூடுதலாக ஒளிரும் என்று கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதச் சொன்னால், நேர்முனைக்குக் கிட்ட உள்ள குமிழே என்று எழுதுவோர் ஒவ்வொரு வகுப்பிலும் கணிசமாக இருப்பர். மின்னோட்டம் முதற்குமிழை அடையும்போது ஒரு பகுதி செலவாகிவிடும் என்பது அவர்களது எண்ணம். இந்த இடத்தில் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கும் டோர்ச் குமிழ்களை எடுத்து இணைத்தால் நிலைமை இன்னும் மோசமாகலாம். அக்குமிழ்கள் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்தவை அல்ல. ஒன்று மங்கலாகவே எரியும், மாணவரின் பிழையான எண்ணக்கருவுக்கு அது சாட்சியாகிவிடும்.

சிமுலேஷனில் இரு குமிழ்களும் ஒத்தவை. 9 வோல்ற்று மின்கலவடுக்குடன் 10 ஓம் தடையுள்ள இரு குமிழ்களைத் தொடராக இணைத்து, அம்பியர்மானியை முதற்குமிழுக்கு முன்னரும், இரண்டுக்கும் நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னரும் வைத்துக் காட்டினால் மூன்று இடத்திலும் 0.45 அம்பியர் என்றே வரும். எழுதிய விடைக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் இடையே மாணவர் தடுமாறும் அந்தச் சில நிமிடங்களே பாடத்தின் உயிர். மின்னோட்டம் செலவாகவில்லையென்றால் குமிழில் செலவாவது எது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அங்கிருந்து சக்திக்குப் போவது எளிது. அதன்பிறகு ஆய்வுகூடக் குமிழ்களை எடுத்தால், ஒன்று மங்கலாக எரிவதற்கான காரணத்தைத் தேடுவதே அடுத்த செயற்பாடாகிவிடும். விடையை எழுத வைக்காமல் திரையில் காட்டிக்கொண்டு மட்டும் போனால் இதே சிமுலேஷன் வெறும் படக்காட்சியாகிவிடும் என்பதையும் கூறவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தச் சிமுலேஷனைத் திறந்தவுடன் தெரிவது இலத்திரன்களின் ஓட்டம். நமது பாடநூல் நேர்முனையிலிருந்து மறைமுனைக்குச் செல்லும் வழக்கமான மின்னோட்டத் திசையைப் பயன்படுத்துகிறது. "ரீச்சர், கரண்ட் பிளஸ்ஸிலயிருந்துதானே போகும், இது ஏன் மற்றப் பக்கமாப் போகுது?" என்று மாணவி ஒருத்தி கேட்டது நல்ல கேள்வி. அதை எதிர்கொள்ள நேரமிருந்தால் அப்படியே விடலாம். இல்லையென்றால் அமைப்பில் வழக்கமான மின்னோட்டத்தைத் தெரிவுசெய்துகொண்டு பாடத்தைத் தொடங்குவது நல்லது. அடுத்தது, மின்கலத்தின் அகத்தடை, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை, அங்கே தொடக்கத்தில் பூச்சியம். சமாந்தரமாக எத்தனை குமிழை இணைத்தாலும் ஒளி குறையாது. உண்மையான உலர் மின்கலத்தில் அப்படி நிகழ்வதில்லை.

இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குமா என்பது இங்கே இரண்டாம்தரக் கேள்வியன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நினைவிற்கொண்டால், எந்த வளத்தையும் மின்சாரமும் டேட்டாவும் இல்லாத பாடவேளையில் வைத்துப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது புரியும். ஃபெட் சிமுலேஷன்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவிறக்கி வைத்தால் இணையம் இன்றி உலாவியிலேயே திறக்கும்; மடிக்கணினியின் பற்றரி இருக்கும்வரை பிரச்சினையில்லை. கணித ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளும் அவ்வாறே உதவும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் தரவாரியாக இருக்கின்றன. வகுப்பில் திறப்பதைவிட, விடுமுறையில் மாணவரை மீட்டல் செய்யச் சொல்வதற்கே அது எனக்குக் கூடுதலாகப் பயன்பட்டது.

மாணவரிடம் கைத்தொலைபேசி இல்லாத வகுப்பில் அனைவரின் விடையையும் ஒரே நேரத்தில் அறிய பிளிக்கர்ஸ் என்ற செயலி பொருத்தமானது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனிக் குறியீடு அச்சிட்ட அட்டை; அதை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார் என்பதே அவரது விடை; ஆசிரியரின் தொலைபேசிக் கமரா வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு யார் எதைத் தெரிவுசெய்தார் என்று காட்டிவிடும். அட்டைகளை ஒருமுறை அச்சடித்தால் ஆண்டுக்கணக்கில் பாவிக்கலாம். பிறிஸ்டல் போட்டில் வெட்டி A, B, C, D என்று எழுதிய அட்டைகளும் ஏறத்தாழ இதே பயனைத் தரும் என்பது என் கருத்து. யார் எதைச் சொன்னார் என்ற பதிவு மட்டுமே அதில் கிடைக்காது. விரைவாக அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி தரும் வினாடிவினாச் செயலிகளை நான் விட்டுவிட்டேன். வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் யோசித்து விடை சொல்லும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் கல்வியாய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று செக்கனாக்கினால் விடைகள் நீளமாகவும் தரமாகவும் அமைகின்றன என்றும் அவர் கண்டார். ஒரு சதமும் செலவில்லாத இந்த மாற்றத்துக்கு நிகரான மென்பொருள் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. ஆய்வு அடிப்படையிலான வாசிப்புகளில் இத்தகைய செய்திகளைத் தருபவற்றையே தேடி வைத்திருக்கிறேன். கல்வி உளவியலாளர் பராக் ரோசன்ஷைன் 2012 இல் அமெரிக்கன் எடியுகேட்டர் இதழில் எழுதிய கற்பித்தல் கோட்பாடுகள் பற்றிய கட்டுரை சில பக்கங்களே கொண்டது, இலவசமாகக் கிடைக்கிறது. முந்தைய பாடத்தைச் சிறிது மீட்டுத் தொடங்குதல், புதியதைச் சிறு படிகளாகத் தருதல், நிறைய வினாக்களைக் கேட்டு எல்லா மாணவரின் விளக்கத்தையும் சரிபார்த்தல் என்று அது சொல்பவை நாற்பது பேர் கொண்ட வகுப்பிலும் கரும்பலகை மட்டுமுள்ள அறையிலும் செய்யக்கூடியவை. பிரித்தானியக் கல்வியாய்வாளர்களான போல் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் 1998 முதல் எழுதிவந்தவை, கற்பிக்கும்போதே கணிப்பிடுதல் என்பதைத் தவணைப் பரீட்சைப் புள்ளியிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. பாடசாலை மட்டக் கணிப்பீட்டைப் படிவம் நிரப்பும் வேலையாகவே செய்து பழகிவிட்ட நமக்கு அந்த வேறுபாடு முக்கியமானது.

இங்கிலாந்தின் எடியுகேஷன் எண்டோமன்ட் பவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அமைப்பு வெளியிடும் கற்பித்தல் கற்றல் தொகுப்பையும் பரிந்துரைப்பேன். ஒவ்வோர் அணுகுமுறைக்கும் செலவு எவ்வளவு, ஆய்வுச் சான்று எவ்வளவு உறுதியானது, சராசரியாக எத்தனை மாத முன்னேற்றம் என்ற மூன்றையும் அருகருகே காட்டுகிறது. சான்றின் வலிமையைப் பூட்டுச் சின்னங்களால் குறிக்கிறது. மாதக் கணக்கைவிடப் பூட்டுகளின் எண்ணிக்கையை முதலில் பார்ப்பது என் வழக்கம். அங்கே வருபவை பல ஆய்வுகளின் சராசரிகள். வேறு நாட்டு வகுப்பறைகளில் பெறப்பட்டவை. காரைநகரிலோ சாவகச்சேரியிலோ அதே எண் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு கையேட்டை வாங்குவதா விடுவதா என்று விரைவாகத் தீர்மானிக்க எனக்கு உதவும் ஒரு சோதனை உண்டு. வாசிப்பதில் 10 வீதம், கேட்பதில் 20 வீதம், செய்வதில் 90 வீதம் நினைவில் நிற்கும் என்ற கூம்பகப் படம் அதில் இருந்தால் மிகுதியை ஐயத்தோடுதான் வாசிப்பேன். அமெரிக்கக் கல்வியாளர் எட்கார் டேல் 1946 இல் வரைந்த அனுபவக் கூம்பகத்தில் அந்த வீதங்கள் இல்லவே இல்லை. பின்னர் யாரோ சேர்த்தவை அவை. மாணவரைக் கட்புல, செவிப்புல, இயக்கப்புலக் கற்போர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்லும் பக்கங்களும் அத்தகையவையே. உளவியலாளர் ஹரோல்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் 2008 இல் செய்த மீளாய்வு, அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. இருந்தும் ஒரு செயலமர்வில் இரண்டையும் ஒரே நாளில், ஒரே மல்டிமீடியாத் திரையில் பார்க்க நேர்ந்தது.

தமிழில் வளம் தேடுவோருக்குத் தமிழ்நாட்டுக் காணொளிகளும், பாடநூல்களில் அச்சிட்ட கியூஆர் குறியீடுகள் வழியாகத் திறக்கும் பாடங்களும் பெரிய களஞ்சியம். ஆனால் தரம் 10 மாணவரிடம் அப்படியே கொடுத்துவிட முடியாது. நாம் சமாந்தர இணைப்பு, ஒட்சிசன், இரசாயனவியல் என்று கற்பிப்பவை அங்கே பக்க இணைப்பு, ஆக்சிஜன், வேதியியல் என்று வரும், க.பொ.த. சாதாரண தர வினாத்தாளோ நமது கலைச்சொற்களிலேயே இருக்கும். நான் அவற்றை என் ஆயத்தத்துக்குப் பயன்படுத்துகிறேன், மாணவருக்கு அனுப்புவதில்லை. ஆசிரியரின் வாசிப்புக்கு நமது சூழலில் எழுதப்பட்டவையும் உண்டு. இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேமித்துவரும் 'நூலகம்' இணையத்தளத்தில் 'அகவிழி' ஆசிரியர் இதழின் பழைய பிரதிகளையும், பாடசாலை மலர்களையும் இலவசமாக வாசிக்கலாம். பேராசிரியர் சபா. ஜெயராசா, பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றோர் கல்வியியலில் தமிழிலேயே எழுதியவை பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வோருக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவைக்க வேண்டியவை அல்ல. தொழில்நுட்பம் பற்றி அவற்றில் அதிகம் கிடைக்காது. வகுப்பறையைப் பற்றிச் சிந்திப்பதற்கான தமிழ் மொழிநடை கிடைக்கும்.

யுனெஸ்கோவின் ஆசிரியர்களுக்கான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத் தகைமைச் சட்டகம் 2018 இல் மூன்றாம் பதிப்பாக வந்தது. 18 தகைமைகளை வகுத்துக் கூறுகிறது. அதிபருக்கும் ஆசிரிய ஆலோசகருக்கும் பயிற்சியைத் திட்டமிட உதவும். நாளைய பாடத்துக்கு அதில் எதுவும் இல்லை. கட்டணம் செலுத்திப் பெறும் சான்றிதழ்க் கற்கைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதவியுயர்வுக் கோப்பில் சேர்ப்பதற்கு என்றால் அந்தச் சான்றிதழ் ஏற்கப்படுமா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுவது நல்லது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கடைசியில்தான் எடுத்தேன். முழுப் பாடக்குறிப்பையும் எழுதித் தரச் சொன்னால் எந்த நாட்டு வகுப்புக்கும் பொருந்துவது போன்றதும், எதற்கும் சரியாகப் பொருந்தாததுமான ஒன்றைத் தருகின்றன. தமிழில் கேட்டால் கலைச்சொற்களும் இடையிடையே மாறிவிடுகின்றன. ஒரே ஒரு வேலைக்கு அவற்றை வைத்திருக்கிறேன். ஓர் எண்ணக்கருவைக் கொடுத்து, மாணவர் அதில் செய்யக்கூடிய பிழைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொரு பிழைக்கும் ஒரு தெரிவு வீதம் பல்தேர்வு வினா அமைக்கச் சொல்கிறேன். வருபவற்றில் பாதியை நீக்கவும், சொற்களை நமது பாடநூலுக்கேற்பத் திருத்தவும், விடை சரியா என்று கணக்கிட்டுப் பார்க்கவும் வேண்டும். மிஞ்சும் வினாக்கள் மறுநாள் அட்டைகளோடு வகுப்புக்குப் போகின்றன. மாணவர் எதைத் தெரிவுசெய்தனர் என்பதை வினாவின் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டு அதே பாடத்துக்கு வேறு வளம் தேட வேண்டிய தேவை குறைகிறது.