பாட்டி பெயரில் ஒரு பிரெஞ்சு உணவகம்

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில், பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கிறது ஒடெத். அதன் தலைமைச் சமையல்காரர் ஜூலியன் ருவாயே பிரான்சின் கந்தால் பகுதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல் கலைஞர் மிஷேல் பிராஸிடம் தொழில் கற்றவர். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலின் 70-ஆவது மாடியில் இருக்கும் ஜான் உணவகத்தில் பெயரெடுத்து, 2015-இல் ஒடெத்தைத் தொடங்கிப் பாட்டியின் பெயரையே வைத்தார். 2019-இல் உணவகங்களுக்கான உச்ச மதிப்பீடான மூன்று மிஷெலின் நட்சத்திரங்கள் கிடைத்தன.

இங்கே பெயர்பெற்ற புகையூட்டிய முட்டைக்காகவே போனேன். முட்டைப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் ரோஸ்மேரி மூலிகையின் புகை மெல்ல எழுந்தது. முட்டையின் ஓட்டை உடைத்து, நுரைபோன்ற உருளைக்கிழங்கின்மேல் சரித்தார்கள். கரண்டி பட்டதும் மஞ்சள் கரு தேன்போல இறங்கியது. வாயில் விறகடுப்பின் மணம். எளிய பொருளை இத்தனை மரியாதையோடு சமைப்பவரிடம் பாட்டியின் கைப்பக்குவம் தெரிகிறது.

அடுத்து புறா. மேலே கம்போடியாவின் கம்போட் மிளகுப் பூச்சு. நம் ஊர் மிளகுக்குப் பழகிய என் நாக்கு ஒரு கணம் தயங்கியது. காரத்தைவிட வாசனை முந்துகிறது. இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பு, சாறு வற்றவில்லை. இனிப்பும் நன்று.

விலை மிக அதிகம்தான். ஆனாலும் அடுத்த பிறந்தநாளுக்கு அம்மாவை அழைத்துப் போகப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.