மலேரியா கூட்டு மருந்துகள்: வித்தியாசம் இரண்டாவது மருந்தில்தான்

பால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகையால் வரும், இன்னும் தீவிரமாகாத (சிக்கலற்ற) மலேரியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கூட்டு மருந்துகள் ஆறு. ஆறிலும் ஒரு பாதி ஆர்ட்டிமிசினின் குடும்பம்தான் (ஆர்ட்டிமெத்தர், ஆர்ட்டிசுனேட் போன்றவை). ஒட்டுண்ணிகளில் பெரும்பகுதியை அது வேகமாகத் தீர்த்துக்கட்டும்; ஆனால் விழுங்கிய சில மணி நேரத்தில் இரத்தத்தை விட்டுப் போய்விடும். மிச்சத்தை முடிப்பது உடன் வரும் மருந்து. ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

அதிகம் புழங்குவது ஆர்ட்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின். பெரியவருக்கு வேளைக்கு 4 மாத்திரை, மூன்று நாளில் 6 வேளை, ஆக 24. முதல் வேளைக்கு 8 மணி நேரம் கழித்து இரண்டாவது; மாலை 6 மணிக்குத் தொடங்கியவர் பின்னிரவு 2 மணிக்கு எழுந்தாக வேண்டும். காய்ச்சல் விட்டதும் கடைசி நாள் மாத்திரைகள் அட்டையிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. இதைவிடப் பெரிய தொல்லை, கொழுப்பு இல்லாமல் லூமெஃபான்ட்ரின் சரிவர உறிஞ்சப்படாது என்பது. பாலோ எண்ணெய் சேர்ந்த உணவோ உடன் வேண்டும். குமட்டலில் தண்ணீரே இறங்காத நோயாளியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

டைஹைட்ரோஆர்ட்டிமிசினின்-பிப்பராக்வினில் நாளுக்கு ஒரே வேளை. நடுத்தர எடையுள்ளவருக்கு மொத்தம் 9 மாத்திரைதான். உணவு விதி நேர்மாறு: கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு எடுத்தால் பிப்பராக்வின் இரத்தத்தில் அளவுமீறிக் கூடும். இதயத்தின் க்யூடி இடைவெளியை (ஈசிஜியில் தெரியும் ஒரு மின்துடிப்பு நேரத்தை) நீட்டும் மருந்து இது என்பதால் அந்தக் கவனம் அவசியம். லூமெஃபான்ட்ரின் சில நாள்களில் வடிந்துவிட, பிப்பராக்வின் வாரக்கணக்கில் தங்கிப் புதிய தொற்றையும் தடுக்கிறது. கொசுக்கடி ஓயாத பகுதியில் நான் இதையே முன்னால் வைப்பேன். ஆனால் அந்த நீண்ட வாலில் மருந்தின் செறிவு குறையும்போது, எதிர்ப்புத் திறன் பெற்ற ஒட்டுண்ணிக்கு வழி திறக்கிறது. மேற்குக் கம்போடியாவில் இந்தக் கூட்டு தோற்றுப்போய், அந்நாடு ஆர்ட்டிசுனேட்-மெஃப்லோக்வினுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வாந்தி, கெட்ட கனவு, மனக்குழப்பம் என்று மெஃப்லோக்வினுக்கு நல்ல பெயர் இல்லை. இருந்தும் அங்கே அதுதான் கைகொடுத்தது.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதிகம் யோசிக்க இடமில்லை. 2022 முதல் அக்காலத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஆர்ட்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின். பைரோனாரிடின் கூட்டும் அதே ஆண்டில் பட்டியலில் சேர்ந்தது. கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்பதே அதில் பார்க்க வேண்டியது. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் கூட்டு, அந்த இரட்டைக்கு எதிர்ப்பு பரவாத இடங்களுக்கு மட்டும்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது ஆர்ட்டிசுனேட்-அமோடியாக்வின். சோர்வு தரும், சில எச்.ஐ.வி. மருந்துகளோடு ஒத்துப்போகாது. ஆனாலும் ஒட்டுண்ணியின் ஒரே மரபணுவில் லூமெஃபான்ட்ரின் எந்த வடிவத்துக்குச் சாதகமாக இருக்கிறதோ, அதற்கு எதிர் வடிவத்துக்கே அமோடியாக்வின் சாதகம். ஒன்றுக்குத் தப்பும் ஒட்டுண்ணி மற்றதிடம் மாட்டிக்கொள்ளும். ஆர்ட்டிமெத்தர், லூமெஃபான்ட்ரின், அமோடியாக்வின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் சோதனைகளுக்கு அடிப்படை இந்தப் பிடிதான்.