மாரிக்குத் தாக்குப்பிடிக்கும் போஸ்ட்கிரெஸ்: இணைப்பு எல்லை பற்றிய நீண்டகாலப் பாவனை அனுபவம்

மட்டக்களப்பு டவுனில் ஒரு போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) சேர்வர். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் கிளைகளின் பில் கணினிகள் வீபிஎன் (இணையத்துக்குள் தனிப் பாதை) வழியாக அதோடு பேசுகின்றன. இப்படியான அமைப்பில் "டூ மெனி கிளையன்ட்ஸ்" (இணைப்புகள் எல்லை மீறிவிட்டன) என்ற பிழை, கடையில் சனம் நெரியும் நேரத்தை விட, மாரியில் கரண்ட் போய்வந்த கையோடுதான் தலைகாட்டும்.

கிளையில் கரண்ட் போனால் ரவுட்டரும் கணினியும் சேர்ந்தே அணையும். இணைப்பு முடிந்தது என்று சேர்வருக்குச் சொல்ல ஆளில்லை. லினக்ஸை அப்படியே விட்டால், சும்மா கிடக்கும் இணைப்பை 7200 செக்கன் கழித்துத்தான் தட்டிப் பார்க்கும். பிறகு 75 செக்கனுக்கு ஒருதரமாக 9 தரம். ஆக, செத்த இணைப்பு 2 மணித்தியாலம் 11 நிமிடம் இடம்பிடித்துக் கிடக்கும். கணினிக்கு ஒரு இணைப்பு என்றே வைப்போம்: 20 கணினி, அந்த நேரத்துக்குள் நாலு தரம் கரண்ட் வெட்டு. செத்தது 80, உயிருள்ளது 20. போஸ்ட்கிரெஸின் இயல்பான இணைப்பு எல்லையோ 100. அதிலும் 3 இடம் சூப்பர்யூசருக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனர்) ஒதுக்கியது. மிச்சம் 97.

உடனே மேக்ஸ் கனெக்சன்ஸை (அந்த இணைப்பு எல்லையை) 500 ஆக்குவது பிழையான மருந்து. ஒவ்வொரு இணைப்பும் தனி புரோசஸ். வேர்க் மெம் (வேலைக்கு எடுக்கும் நினைவகம்) 4 எம்பி என்றாலும் அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகப் போகும். சின்ன சேர்வர் ஸ்வாப்பில் (நினைவகம் போதாமல் டிஸ்க்கில்) விழுந்து எல்லாக் கிளையும் மெதுவாகும். அந்த எல்லையை மாற்ற சேர்வரை நிறுத்தித் தொடங்கவும் வேணும்.

முதலில் அந்தத் தட்டிப் பார்க்கும் நேரத்தைச் சுருக்க, போஸ்ட்கிரெஸில் டிசிபி கீப்பலைவ்ஸ் ஐடில் 60, இன்டர்வல் 10, கவுண்ட் 3 என்று வையுங்கள். ஒன்றரை நிமிடத்தில் செத்தது விழும், ரீலோட் (நிறுத்தாமல் அமைப்பை மறுபடி வாசிக்க வைப்பது) போதும். அதோடு ஐடில் இன் ட்ரான்ஸாக்சன் செசன் டைம்அவுட்டையும் (பாதியில் நின்ற ட்ரான்ஸாக்சனை, அதாவது முடியாத வேலைத் தொகுதியை, வெட்டும் நேரம்) ஒரு நிமிடமாக்குங்கள்: பாதி பில்லில் அறுந்த இணைப்பு அந்தப் பொருளின் இருப்புப் பதிவைப் பூட்டி வைத்திருக்கும், மற்றக் கிளைகள் காத்துக் கிடக்கும். மென்பொருள் சூப்பர்யூசராக நுழையவே கூடாது. நுழைந்தால் ஒதுக்கிய 3 இடத்தையும் அதுவே தின்னும், பார்க்கப் போகிற உங்களுக்கு வாசல் இராது. அறிக்கை எடுக்கும் பயனருக்கு கனெக்சன் லிமிட் 5 தாராளம்.

கிளைகள் கூடினால் பிஜிபவுன்சர்: கிளைகளுக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் நின்று, கொஞ்ச இணைப்பைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள். போர்ட் 6432, ட்ரான்ஸாக்சன் மோட் (ஒரு ட்ரான்ஸாக்சன் முடிந்ததும் சேர்வர் இணைப்பு அடுத்தவருக்குப் போகும்), பூல் (பகிரும் சேர்வர் இணைப்புகள்) 20. மேக்ஸ் கிளையன்ட் கன் (பவுன்சர் ஏற்கும் இணைப்பு எல்லை) அங்கேயும் 100தான், அதை உயர்த்த மறக்க வேண்டாம். கீப்பலைவையும் அதன் கோப்பில் தனியாக எழுத வேணும், ஏனென்றால் கிளைகள் இப்போது தொடுவது பவுன்சரைத்தான். இந்த மோடில் கவனம் தேவையானது பில் இலக்கப் பூட்டு: செசன் அளவிலான அட்வைசரி லொக் (மென்பொருள் தானே கேட்டுப் போடும் பூட்டு) வேறு ஆளின் இணைப்பில் தங்கிவிடும். ட்ரான்ஸாக்சன் அளவிலான பூட்டுக்கு மாற்றினால் சரி. பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கட்டளை) பாவிக்கும் மென்பொருளுக்கு பவுன்சர் 1.21 அல்லது அதற்குப் பிந்தியது வேணும்.

மாரி தொடங்கமுதல் ஒரு கிளையின் கணினியையும் ரவுட்டரையும் ஒன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். அந்தக் கிளையின் இணைப்பு வரிகள் இரண்டு நிமிடத்துக்குள் மறைய வேணும்: நேரடி இணைப்பென்றால் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (போஸ்ட்கிரெஸின் இணைப்புப் பட்டியல்), பவுன்சர் இருந்தால் அதன் ஷோ கிளையன்ட்ஸில்.