மூன்றடிப் பலகையும் நகராத கண்ணாடியும்

ஆசாரியை வைத்து வீட்டில் புத்தக அலமாரி செய்யலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். என் அலமாரியில் ரிப்பேர் வேலை முடிந்த கையோடு எழுதுகிறேன், கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

9 அடி அகலம், 7 அடி உயரம், மூன்றடி மூன்றடியாக மூன்று கட்டு. 18 மி.மீ. 710 ப்ளைவுட் (தண்ணீர் தாங்குகிற தரம்), முகப்புக்கு மட்டும் பழைய வீடு இடித்த தேக்கு. இடுப்பு உயரத்தில் ஒரு நடுப்பலகை, அதற்கு மேலும் கீழும் தள்ளுக் கண்ணாடி. வழக்கமான வேலைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆசாரி கை சுத்தமான கை. அந்தப் பழைய தேக்குச் சட்டத்தில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் நிறைய இருந்தன. மரத்தூளும் பசையும் குழைத்து அப்பிவிட்டுப் போகாமல், அதே மரத்தில் சின்னச் சின்ன முளை சீவி, ரேகை போகிற திசை பார்த்து அடித்து இழைத்திருக்கிறார். பாலிஷ் போட்ட பிறகு விரலால் தடவினாலும் தெரியாது. ஏற்கனவே காய்ந்து அடங்கிய மரம் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் முறுக்கிக்கொள்ளவில்லை. சுவரோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளித்தான் நிறுத்துவேன் என்று அடம்பிடித்தார். அதனால் ஓதம் ஏறுவதில்லை, கரையான் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. இதுவரை வரவில்லை.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். தள்ளுக் கண்ணாடி என்றால் எந்நேரமும் பாதிதான் திறக்கும், நாம் தேடுகிற புத்தகம் மூடின பாதியில்தான் இருக்கும், சரி, அது பழகிவிடும். பழகாதது என்னவென்றால், கொஞ்ச காலத்தில் நடுக்கட்டின் கீழ்க்கண்ணாடி நகரவே மறுத்தது. கண்ணாடி ஓடுகிற சேனலில் தூசி என்று நினைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம், மெழுகு தடவினோம். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்துப் பார்த்தால் நடுப்பலகை தொய்ந்திருக்கிறது. கண்ணாடியைத் தூக்கி மாட்டுவதற்காக மேல் சேனலில் சில மில்லிமீட்டர் இடம் விடுவார்கள் இல்லையா, அதைப் பூராவும் தொய்வு தின்றுவிட்டது. பலகை கண்ணாடி மேல் உட்கார்ந்திருந்தது.

ஏன் தொய்ந்தது என்றால், 8க்கு 4 ப்ளைவுட்டை நீளவாக்கில் நாலாக அறுத்தால் 12 அங்குலம் வரும், சேதாரம் இல்லை. ஆகவே ஆசாரி ஆழம் 12 என்று முடிவு செய்துவிட்டார். நம்ம ஊர் டெம்மி புத்தகம் ஐந்தரை அங்குல அகலம். 12 அங்குலத்தில் அது முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை கச்சிதமாக நிற்கும். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் வருகிற எந்த வீட்டில் அந்தப் பின்வரிசை காலியாக இருக்கும்? மூன்றடிக்கு ஒரு வரிசையே 25 கிலோ சாதாரணமாக வரும், இரண்டு வரிசை என்றால் 50. அது ஒரே நாளில் காட்டாது, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும்.

இதில் கணக்கு எளிதுதான். அதே பாரம் வரிசையாக நின்றால், பலகை நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. மூன்றடியை இரண்டரை அடியாகக் குறைத்தாலே தொய்வு ஏறக்குறைய பாதியாகிவிடும். 18 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் பாதிக்கும் கீழே போகும். 9 அடியை மூன்றுக்குப் பதில் நான்காகப் பிரித்திருந்தால் ஒரு தடுப்புப் பலகைதான் கூடுதல் செலவு. அளவெடுக்கும்போதே கேட்டேன். “இது 710 சார், யானை ஏறினாலும் தாங்கும்” என்றார். 710 என்பது முக்கியமாகத் தண்ணீருக்குப் பசை விடாது என்பதற்கான தரம் சார், மூன்றடிப் பலகை இத்தனை கிலோவுக்குத் தொய்யாது என்று அதில் எழுதவில்லை.

ரிப்பேருக்கு வந்த அதே ஆசாரி பலகையைப் பார்த்துவிட்டு, “புக்கு இவ்வளவு வெயிட்டு இருக்கும்னு யாரு கண்டா” என்றார். கோபம் வந்தது. ஆனால் வேலையைத் தொடங்கியதும் வாயடைத்துப் போனேன். கார் ஜாக்கியைக் கீழே வைத்து, மேலே ஒரு மரத்துண்டு கொடுத்து, நூல் நேராகும்வரை பலகையை மயிரிழை மயிரிழையாக ஏற்றினார். இரண்டு கண்ணாடியும் ஒன்றை ஒன்று மறைக்கிற இடத்துக்குப் பின்னால் தேக்கில் ஒரு தாங்கு கட்டை நிறுத்தினார். வெளியே பார்த்தால் தெரியாது. கண்ணாடி ஒற்றை விரலில் ஓடுகிறது. கூலியும் வாங்கிக்கொண்டார், அவர் செய்த வேலையைச் சரி செய்ததற்கு.

மற்ற இரண்டு கட்டிலும் இப்போதே நூல் பிடித்தால் நூலுக்கும் பலகைக்கும் நடுவே லேசாக வெளிச்சம் தெரிகிறது.

ஆகவே கேட்ட நண்பருக்கு: செய்யாதீர்கள். கழற்றி மாட்டுகிற இரும்பு ரேக் வாங்கி வையுங்கள், பார்க்க ஆபீஸ் மாதிரி இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆசாரி நம்பர் வேண்டுமென்றால் தருகிறேன், நிலைக்கதவு செய்ய அவரை விட்டால் ஆள் கிடையாது.