பித்தப்பை லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுத்தடுப்பான்: படலமா, துணியா, திரவமா, வெறுங்கையா?

வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியம் எங்கே கீறப்பட்டாலும், அங்கே ஃபைப்ரின் என்ற பசை சுரந்து பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் சில நாட்களில் உடலே அந்தப் பசையைக் கரைத்துவிடும். இல்லையென்றால் அது நாராக இறுகி உறுப்புகளைப் பிணைக்கும்; இதுதான் ஒட்டுதல். உள்ளுறை மறுபடி வளர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒட்டுத்தடுப்பான் என்று விற்கப்படும் எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான்: அந்த ஒரு வாரம் இரு புண்பரப்புகளைப் பிரித்து வைத்திருந்து, பிறகு கரைந்துபோவது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவையில் பித்தப்பையை எடுத்த இடம் மற்ற இடங்களைப் போன்றதல்ல. அங்கே பித்தம் கசியலாம். குழாயை மூடிய கிளிப் நழுவலாம்; கல்லீரலிலிருந்து நேராகப் பித்தப்பைப் படுக்கைக்கு (கல்லீரலில் பித்தப்பை ஒட்டியிருந்த இடம்) வரும் நுண்குழாய் ஒன்று கண்ணில் படாமல் அறுபட்டிருக்கலாம். அறுவை அரங்கில் எல்லாம் சுத்தமாகத் தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்து வலியும் காய்ச்சலும் வருவது உண்டு. ஆகவே ஒட்டுதலை எவ்வளவு குறைக்கிறது என்பதோடு, அந்தக் கசிவை மறைக்குமா, தேக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும். இந்த அலசலில் என் உரைகல் இரண்டாவது கேள்விதான்.

முதலில் படலம். ஹயலுரோனேட்டும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் கலந்த செப்ராஃபிலிம் 1996 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓரிரு நாளில் ஜெல்லாக மாறி, ஒரு வாரம் அந்த இடத்தில் இருந்துவிட்டு வெளியேறிவிடும். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் வெட்டுக்கோட்டின் கீழே வைக்க இதற்கு நல்ல சான்று உண்டு. அதே பொருளைக் குடல் தையலைச் சுற்றிப் போர்த்தியபோது தையல் கசிவு கூடியது. அதனால் தையல் மேல் சுற்றக்கூடாது என்ற எச்சரிக்கை அதன் குறிப்பேட்டிலேயே வந்தது. ஆறவேண்டிய தையலின் மேல் போர்வை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். பித்தப்பைக் குழாயின் வெட்டுமுனை அருகே வைக்க நினைப்பவர் இதை மறக்கக்கூடாது. போதாததற்கு, உலர்ந்த அப்பளம் போல நொறுங்கும், ஈரக் கையுறையில் ஒட்டும். ஐந்து, பத்து மில்லிமீட்டர் துளை வழியே அதை உள்ளே செலுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

துணி வகையான இன்டர்சீட் துளை வழியே எளிதாகப் போகும். சிக்கல் இரத்தத்தில் இருக்கிறது. ஆக்சிஜனேற்றம் பெற்ற செல்லுலோஸால் நெய்யப்பட்ட இது, இரத்தம் ஊறினால் கறுத்துப்போய், தடுக்க வேண்டிய ஒட்டுதலைத் தானே வளர்க்கும். முழுதாக இரத்தம் நின்ற பிறகே வைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. கல்லீரல் படுக்கையோ சுடுகருவி பட்டும் சொட்டிக்கொண்டே இருக்கக்கூடிய இடம். இன்னொன்று: அதே குடும்பத்தைச் சேர்ந்த சர்ஜிசெல்லை இரத்தம் நிறுத்துவதற்காக அந்தப் படுக்கையில் விட்டுவிடுவது வழக்கம். பின்னர் சிடி ஸ்கேனில் அது காற்றுக் குமிழிகளோடு சீழ்க்கட்டி போலவே தெரிந்து, தேவையில்லாத மறு அறுவைவரை இழுத்துச் சென்றதாகப் பல பதிவுகள் உண்டு.

திரவம் இவற்றுக்கு நேர்மாறு. அடெப்ட் என்பது மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கும் ஐகோடெக்ஸ்ட்ரினின் 4 சதவீதக் கரைசல். அறுவை முடிவில் ஒரு லிட்டர் உள்ளே விடுவார்கள், சில நாட்கள் உறுப்புகளை மிதக்க வைத்திருக்கும். 2006இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது பெண்ணோயியல் லேப்ராஸ்கோப்பிக்குத்தான், பித்தப்பைக்கு அல்ல. நுண்துளைக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றும் இதுதான் பித்தப்பைக்கு மிகவும் இடைஞ்சல் என்பேன். மூன்றாம் நாள் அல்ட்ராசவுண்டில் கல்லீரலுக்குக் கீழே திரவம் தெரிந்தால், அது நாம் விட்டதா, பித்தமா? படம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரை நோயாளிக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. ஐகோடெக்ஸ்ட்ரின் உடைந்து மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாகிறது. ஜிடிஎச்-பிக்யூக்யூ என்ற நொதியைப் பயன்படுத்தும் குளுக்கோமீட்டர்கள் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். கருவி அதிகம் காட்ட, இன்சுலின் ஏற்ற, உண்மையில் சர்க்கரை சரிந்துகொண்டிருக்கும். மக்காச்சோள மாவு ஒவ்வாதவர்களுக்கும் தொற்று இருப்பவர்களுக்கும் இது கூடாது. சீழ்பிடித்த பித்தப்பை இந்தப் பட்டியலில் தானாக வந்து சேர்கிறது.

ஜெல்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூசுவது எளிது, நழுவாது, அளவும் சிறிது. ஆனால் இன்டர்ஜெல்லின் கதை நினைவில் இருக்க வேண்டும்: 2001இல் அனுமதி பெற்ற இரும்பு கலந்த ஹயலுரோனேட் ஜெல், கடும் வலி, ஒவ்வாமை, மறு அறுவை என்ற புகார்களால் 2003இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அனுமதி முத்திரை இருந்தும் இரண்டே ஆண்டு.

இனி வெறுங்கை, அதாவது எதையும் வைக்காமல் விடுவது. ஸ்காட்லாந்தில் 1986இல் வயிறு, இடுப்புக் குழி அறுவை செய்துகொண்டவர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், மூவரில் ஒருவர் ஒட்டுதலால் வந்த அல்லது ஒட்டுதல் சிக்கலாக்கக்கூடிய காரணங்களுக்காகச் சராசரி இருமுறை மருத்துவமனை திரும்பினார். தடுப்பான் விற்பவர்கள் அடிக்கடி காட்டும் எண் இதுதான். ஆனால் அது திறந்த அறுவையின் எண். மூன்று நான்கு சிறு துளைகளில், குடலைக் கையாளாமல் முடியும் பித்தப்பை அறுவையில் ஒட்டுதல் பெரும்பாலும் கல்லீரல் படுக்கையோடு நின்றுவிடுகிறது, குடலடைப்புவரை போவது அரிது. குறையும் ஆபத்தே சிறிது என்றால், அதற்காக ஏற்கும் ஆபத்து அதைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எதுவும் அந்தக் கணக்கில் தேறவில்லை. சிந்திய கற்களைப் பொறுக்குவது, பித்தத்தைக் கழுவி உறிஞ்சுவது, சுடுகருவியை அளவோடு தொடுவது ஆகியவற்றால் வரும் பலனுக்குப் பக்கவிளைவுத் தாள் தேவைப்படாது.

விதிவிலக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நடுவழியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தால், வெட்டுக்கோட்டின் கீழே, பித்த நாளத்துக்கு எட்டாத தூரத்தில் படலம் வைப்பது அதன் அனுமதிக்குள் வரும் பயன்பாடுதான். அப்படி எதை வைத்தாலும், எந்தப் பொருள், எந்த இடம் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறதா என்று நோயாளி கேட்டு வாங்க வேண்டும். பத்து நாள் கழித்து வேறொரு ஊரில் ஸ்கேன் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்த ஒரு வரி மட்டுமே துணை.